செங்கேணியின் படகும் நடு ஆக்சிலும்

லாரியைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவேன் என்று மார்தட்டுகிறவர்களை என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்தாயிற்று. டயர் பிதுங்குவதைப் பார்ப்பார்கள், கமான் பட்டை வளைந்திருப்பதைப் பார்ப்பார்கள், மீசையை ஒரு தடவு தடவுவார்கள், "இருபத்தெட்டு டன்" என்று தீர்ப்புச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவன் வாயைப் பிளப்பான். எடை மேடையில் ஏற்றினால் சொன்னதற்கும் இருப்பதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எனக்குக் கண்ணால் எடை தெரியாது. டிரெய்லர் யார்டில் லோடு சூப்பர்வைசராக இருந்தே தலை நரைத்தவன் நான். எனக்கே தெரியாது என்றால் வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் அர்த்தம். அடக்கமில்லாமல் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதச் சொன்னது யார்டில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள். பாதுகாப்பு வாரத்துக்கு மலர் போடுகிறார்களாம். "கலியபெருமாள் அண்ணே, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. கொஞ்சம் ஊக்கம் தர்ற மாதிரி இருக்கட்டும்" என்றான் ஒருவன். ஊக்கமாம். பாதுகாப்பு வாரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? வாசலில் வாழைமரம் கட்டுவார்கள். டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை, மஞ்சள் தொப்பி போட்டு ஒரு போட்டோ, தொன்னையில் கேசரி. வாரம் முடிந்ததும் அந்தத் தொப்பியில் வெங்காயம் போட்டு வைத்திருப்பார்கள்.

அன்றைக்கே புதிதாக வந்த டிரெய்லரையும் காட்டினார்கள். இரும்புப் பட்டைக்குப் பதில் காற்றுப் பை வைத்தது. ஒவ்வொரு ஆக்சில் மீதும் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்று டிரைவருக்கு முன்னாலேயே ஒரு சின்னத் திரையில் தெரியுமாம். நாங்கள் வெயிலில் நின்று மண்டையை உடைத்துக்கொண்டது இப்போது கண்ணெதிரே எண்ணாக வருகிறது. சந்தோஷம்தான். கேபினில் ஏறிப் பார்த்தேன். அந்தத் திரையை மறைத்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எதுக்குப்பா இங்க?" என்றேன்.

"அது சும்மா பீப் பீப்னு கத்திக்கிட்டே இருக்குதுண்ணே. டென்ஷனாவுது" என்றான் டிரைவர்.

கத்துவது எதற்கு என்று அவன் யோசிக்கவில்லை. கத்துவதை நிறுத்த மட்டும் வழி கண்டுபிடித்துவிட்டான். சரி, எழுதித் தருகிறேன் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். ஊக்கத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னால் நின்று இழுக்கிற வண்டிக்கு எங்களிடம் ஹார்ஸ் என்று பெயர். அதன் முதுகில் ஓர் இரும்புத் தட்டு இருக்கும். டிரெய்லரின் மூக்கு அதில் வந்து உட்காரும். ஹார்ஸின் முன் சக்கரங்கள் வண்டியைத் திருப்புகின்றன. ஹார்ஸின் பின் சக்கரங்களை நாங்கள் நடு ஆக்சில் என்போம், இழுப்பது அதுதான். டிரெய்லரின் வால் பக்கம் இருப்பவை பின் ஆக்சில்கள். இரண்டு பேர் மூங்கில் கழியில் தண்ணீர் டிரம்மைக் கட்டித் தூக்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். டிரம் யார் பக்கம் நகர்கிறதோ அவன் தோள் இறங்கும், மற்றவன் கைவீசி நடப்பான். டிரம்மின் எடை மாறவில்லை. என் வேலை அந்த டிரம்மை எங்கே கட்டுவது என்று பார்ப்பது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் இதைப் புரியவைக்க என் ஆயுளில் பாதி போய்விட்டது. "மொத்தம் சரியா இருக்கு சார்" என்பார்கள். எல்லாரும் சொல்வது இந்த ஒரே பாட்டுத்தான். வண்டியின் அளவு இவ்வளவு, ஏற்றியது அதற்குள்தான், அப்புறம் என்ன? அப்புறம் என்னவா? ஒரு வீட்டில் ஆறு பேருக்குச் சாப்பாடு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆறு பேர் சாப்பாட்டையும் ஒருத்தன் வாயில் திணித்தால் என்ன ஆகுமோ அதுதான்.

நான் முதலில் மில் தொழிலாளி. அப்பா பார்த்த அதே மில்லில் நூற்பில் சேர்ந்தேன். மில் மூடியது. ஊரில் பாதிப்பேர் போனதுபோல நானும் கிடைத்த வேலைக்குப் போனேன். மேட்டுப்பாளையம் பக்கம் டிரெய்லர் யார்டில் செக்கர் வேலை. மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் இல்லை, பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் கடற்கரை ஊரின் ஓரத்தில் இருப்பது. முதல் கொஞ்ச வருடம் தார்ப்பாய் கட்டியிருக்கிறதா, சங்கிலி இறுக்கியிருக்கிறதா என்று பார்த்ததைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பிறகு அந்துவான் முசியே வந்தார், முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

அவர் பிரெஞ்சு ராணுவத்தில் வண்டிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஆள். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பென்ஷன் யூரோவில் வரும். மற்ற சொல்தாக்கள் சாயங்காலமானால் கடற்கரையில் பெத்தாங்க் என்கிற பிரெஞ்சு விளையாட்டுக்கு இரும்புக் குண்டு உருட்டிக்கொண்டிருக்க, இவர் எங்கள் யார்டில் லோடிங் பொறுப்பு கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று முதலாளிக்கே புரியவில்லை. இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் சாக்பீஸ். யாரையும் நீ என்று சொல்ல மாட்டார். மூட்டை தூக்குகிறவரையும் "முசியே" என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் அவரை முசியே என்போம், அவர் எங்களை முசியே என்பார். வெளியாள் வந்தால் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று குழம்பிப்போவான்.

கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது, மரியாதை உயரும். "தயவு செய்து" என்று ஆரம்பித்தால் நாங்கள் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு நிற்போம். "தயவு செய்து, உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால், அந்தச் சங்கிலியை அவிழ்த்து மறுபடி கட்டுகிறீர்களா, முசியே?" கெட்ட வார்த்தை கேட்டிருந்தால் உறைத்திருக்காது. டிரைவர் யாராவது கண்ணாலேயே எடை சொல்ல ஆரம்பித்தால், அவர் வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். பேச்சு முடிந்ததும், "நல்லது. இப்போது மேடைக்குப் போகலாமா?" என்பார்.

மேடையில் அவர் செய்வது ஒரு பூசை மாதிரி இருக்கும். எல்லாரும் வண்டியை ஒரே ஏற்றாக ஏற்றி, சீட்டைக் கிழித்துக்கொண்டு போவார்கள். முசியே முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தச் சொல்வார். எஞ்சின் ஆஃப். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு பிரேக்கை விடச் சொல்வார். பிரேக் பிடித்திருந்தால் வெளியே நிற்கும் சக்கரம் உள்ளே நிற்கும் சக்கரத்தை இழுத்துக்கொண்டிருக்கும், மேடை பொய் சொல்லும். டிரைவர் இறங்க வேண்டும். எடை நின்றதும் சாக்பீஸால் டிரெய்லர் பக்கவாட்டில் எழுதுவார். பிறகு நடு ஆக்சில் வரை ஏற்றி இரண்டாவது தடவை. பிறகு முழு வண்டி. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் நடு ஆக்சில், மூன்றாவதில் இரண்டாவதைக் கழித்தால் பின் ஆக்சில்கள். கழித்தலைக்கூட வாய்விட்டுப் பிரெஞ்சில் சொல்லிக் கழிப்பார். பின்னால் வரிசையில் நிற்கும் லாரிகள் ஹாரன் அடித்தே செவிட்டாக்கிவிடும். மேடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முசியே எதையும் காதில் வாங்க மாட்டார். எண் சரியில்லை என்றால் சரக்கை நகர்த்த வேண்டும், நகர்த்தியபின் மறுபடி மூன்று தடவை.

தட்சணா என்று எங்களிடம் ஒரு டிரைவர் இருந்தான். வில்லியனூர்க்காரன். கெட்டிக்காரன்தான், அதை அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான் என்பதுதான் தொல்லை. ஒருமுறை மூன்று இடத்தில் இறக்க வேண்டிய இயந்திர உதிரிகளை ஏற்றிக்கொண்டு போனான். புறப்படும்போது எடையெல்லாம் சரியாக இருந்தது. முதல் இடத்தில் பின்பக்கச் சரக்கை இறக்கினான், கதவு பின்னால்தானே இருக்கிறது. இரண்டாவது இடத்திலும் பின்னாலிருந்தே இறக்கினான். மிச்சம் எல்லாம் முன்னால், ஹார்ஸின் முதுகில்.

முசியே புறப்படும்போதே சொல்லியிருந்தார், ஒவ்வொரு இடத்திலும் மிச்சத்தைப் பின்னால் தள்ளிக் கட்ட வேண்டும் என்று. போனில் நான் நினைவூட்டினேன்.

"பாதிக்கு மேல எறக்கியாச்சுண்ணே. இனிமே என்னா பயம்? வண்டி பஞ்சு மாதிரி போவுது" என்றான்.

பஞ்சு திண்டிவனம் தாண்டி நடு ஆக்சில் டயர் இரண்டு வெடித்து ரோட்டோரம் நின்றது. நல்ல வேளை, பக்கத்தில் யாரும் இல்லை. திரும்பி வந்து என்ன சொன்னான் தெரியுமா? டயர் கம்பெனி சரியில்லையாம். வாலில் தொங்கி மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்த பாரத்தை இறக்கினால், பாதி வண்டியே முழு வண்டியைவிட நடு ஆக்சிலை அழுத்தும் என்பது அவன் மண்டையில் கடைசிவரை ஏறவில்லை. முசியே அவனைத் திட்டவில்லை. "தயவு செய்து, அடுத்த தடவை நீங்கள் அந்த டயராக இருந்து பார்க்கிறீர்களா?" என்றார்.

இனி நான் சொல்ல வந்தது. செங்கேணி பிள்ளைச்சாவடிக்காரி. மீன் விற்கிற அம்மா. அந்தப் பக்கம் கடல் கரையைத் தின்றுகொண்டே வருவது எல்லாருக்கும் தெரியும். அவளுடைய பழைய படகைக் கல்லில் அடித்து நொறுக்கிவிட்டது. இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பெரிய விசைப்படகுக்குச் சொல்லியிருந்தாள். வில்லியனூர் பக்கம் ஒரு ஷெட்டில் கட்டினார்கள். ஃபைபர் உடம்பு, பின்பக்கம் டீசல் எஞ்சின். அதைத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் அன்று ராத்திரியோடு முடிகிறது. மறுநாள் விடிந்தால் எல்லாப் படகும் கடலில். இவள் படகு அதற்குள் இறங்கவில்லை என்றால், பேசி வைத்த ஆட்கள் வேறு படகில் ஏறிவிடுவார்கள். ஒரு படகில் ஏறினவன் சீசன் முடியாமல் இறங்க மாட்டான்.

நானும் முசியேவும் போய்ச் சேர்வதற்குள் தட்சணா கிரேன் வைத்துப் படகை ஏற்றிக் கட்டிவிட்டான். படகின் கூர்மையான முன்பக்கத்தை அவர்கள் அணியம் என்பார்கள். அணியம் ஹார்ஸ் கேபினுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எஞ்சின் இருக்கும் பின்பக்கம் டிரெய்லரையும் தாண்டி வெளியே தொங்குகிறது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"மொத்தமே பன்னண்டு டன்தான் முசியே. இந்த வண்டிக்கு இது சுண்டக்கா" என்றான் தட்சணா.

முசியே முதுகைக் காட்டி நின்றார். பிறகு மேடைக்குப் போனோம், பக்கத்திலேயே இருந்தது. மூன்று தடவை ஏற்றினோம். முசியே வாய்விட்டுக் கழித்தார், நிறுத்தினார், மறுபடி கழித்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். படகை ஏற்றியபிறகு நடு ஆக்சில் காட்டிய எடை, யார்டிலிருந்து புறப்படும் முன் வெறும் வண்டியாக எடை போட்டபோது காட்டியதைவிட ஒரு டன்னுக்கு மேல் குறைவு. என் சர்வீஸில் அதற்கு முன் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. எஞ்சினின் பாரம் பின் ஆக்சில்களுக்கும் பின்னால் தொங்கி, டிரெய்லரின் மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. இழுக்க வேண்டிய சக்கரத்துக்கு ரோட்டில் பிடிமானம் இல்லை. வழியில் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம். அதன் ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும், வண்டி பின்னால் வழுக்கும். பின்னால் பஸ், ஸ்கூட்டர், பிள்ளைகுட்டிகள்.

"திருப்பி ஏற்ற வேண்டும். எஞ்சின் பக்கம் முன்னால், அணியம் பின்னால்" என்றார் முசியே.

செங்கேணி குறுக்கே வந்து நின்றுவிட்டாள். "அது நடக்காது முசியே. மொதல் மொதலா கடலுக்குப் போற படகு. அணியம் முன்னால போவணும். பின்பக்கமா போன படகு கரைக்குத் திரும்பாதுன்னு சொல்லுவாங்க. ஒருத்தன் ஏற மாட்டான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் பாலம், ஒரு பக்கம் இந்தக் கூத்து. "ஏம்மா, பஸ்ல பின்பக்கம் பாத்து உக்காந்தா ஊரு வராதா?" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தம்பி, உனக்குப் பொண்ணு இருக்குதா?"

"இருக்குது."

"அது கல்யாணத்த அஷ்டமியில வைப்பியா?"

"எனக்கு அதுல நம்பிக்க இல்ல."

"உனக்கு இல்ல. மாப்ள வூட்டுக்காரன் வரணும் இல்ல? எனக்கு மட்டும் கடலுக்கு முன்ன பின்ன இருக்குதுன்னு நெனப்பா? ஆளுங்க ஏறணும். ஏறலன்னா இது படகு இல்ல தம்பி, தொட்டி. வூட்டு வாசல்ல போட்டுத் தண்ணி புடிச்சி வெச்சிக்கலாம்."

சுற்றி அவளுடைய ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஏழுமலை. அவர் தலையசைத்தால் மற்றவர்கள் ஏறுவார்கள், இல்லை என்றால் இல்லை. அவர் படகின் வாலைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். "பின்னாடி பாரம், முன்னாடி தூக்கிக்கிது. அவ்ளோதானே? கடல்ல தினம் பண்றதுதான். ஏறுங்கடா முன்னால" என்றார்.

சொன்னதுதான் தாமதம், அத்தனை பேரும் ஏணி போட்டு ஏறி அணியத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள். படகில் பின்பாரம் கூடினால் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள், ஆட்கள் முன்னால் நகர்ந்தால் படகு சமமாகும். கடலில் சரி. தட்சணாவுக்கு ஒரே குஷி. "சூப்பர் ஐடியாண்ணே! இன்னும் ரெண்டு பேர் ஏறுங்க!" என்று கேபினில் ஏறி எஞ்சினைப் போட்டேவிட்டான். ரோட்டில் போகிற டிரெய்லரின் உச்சியில், பாலத்தில், மாலை போட்ட படகின் மூக்கில், ஒரு டஜன் மனிதர்களைப் பாரக்கல்லாக வைத்து ஓட்டிப்போகத் தயாராகிவிட்டான் படுபாவி. இந்த ஊரில்தான் இப்படி ஒரு யோசனை பிறக்கும், பிறந்ததும் கைதட்டவும் ஆள் கிடைக்கும்.

முசியே கேபின் பக்கம் போனார். "தயவு செய்து, சாவி" என்றார். தட்சணா கொடுத்துவிட்டான். பிறகு அண்ணாந்து ஏழுமலையைப் பார்த்தார். "முசியே, கடலில் படகு சாய்ந்தால் என்ன செய்வீர்கள்?"

"குதிச்சி நீந்துவோம்."

"இங்கே?"

ஏழுமலை கீழே தார் ரோட்டைப் பார்த்தார். மெதுவாக இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள்.

நான் முசியேவைத் தனியாகக் கூப்பிட்டு, வேலையை விட்டுவிடலாம், அவர்கள் பாடு என்று சொன்னேன். என் மனதில் பட்டதைச் சொன்னேன், இப்போதும் அது தப்பு என்று நினைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டார். "அந்த அம்மா கேட்பதையும் நான் எடை போட வேண்டாமா?" என்றார். ஏழுமலையிடம் திரும்பிப் போய் ஒரு கேள்வி கேட்டார். அணியம் எங்கெல்லாம் முன்னால் போக வேண்டும்? பிறந்த இடத்தின் வாசலைத் தாண்டும்போதா, வழி முழுக்கவா, தண்ணீர்க்கரைக்கு வரும்போதா?

இதை அவரிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. ஏழுமலை தன் ஆட்களைப் பார்த்தார். அவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. கடைசியில், "வாசப்படி தாண்டறதும் தண்ணிக்கரைக்கு வர்றதும்தான் கணக்கு. நடுவுல ரோடு. அது எங்களுது இல்ல. எப்படியோ போங்க" என்றார்.

"வுவாலா" என்றார் முசியே, அவ்வளவுதான், ஆயிற்று என்று அர்த்தம்.

கிரேனைப் பிடித்துப் படகை இறக்கித் திருப்பி ஏற்றினோம். எஞ்சின் ஹார்ஸ் பக்கம், அணியம் டிரெய்லரின் வாலுக்கு வெளியே. மேடையில் மூன்று தடவை. கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி மூன்று தடவை. நடு ஆக்சிலுக்கு வேண்டிய எடை வந்து உட்கார்ந்தது. முன்னே வாசல் தாண்டியது இறக்கி ஏற்றியதும் கணக்கில் சேராது என்றார் ஏழுமலை, அதனால் மறுபடி ஷெட்டுக்குள் கொண்டுபோய், வாசலில் தேங்காய் உடைத்து, ஹார்ஸ் பின்னால் தள்ள, டிரெய்லரின் வால் முதலில் வெளியே வர, படகு அணியம் முன்னால் வாசப்படியைத் தாண்டியது. ரோட்டுக்கு வந்ததும் தட்சணா கியரை மாற்றிச் சாதாரணமாக ஓட்டினான். பாலத்தில் சக்கரம் ஒரு தரம்கூட வழுக்கவில்லை. நான் பைக்கில் பின்னாலேயே போனேன், என் கண் ரோட்டில் இல்லை, அந்தச் சக்கரத்தில்தான் இருந்தது.

துறைமுக வாசலில் தட்சணா வண்டியைத் திருப்பி நிறுத்தினான். அங்கிருந்து தண்ணீர் வரை ரிவர்ஸில் போக வேண்டும். மறுநாள் கடலுக்குப் போகிற படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வண்டிகள், டீசல் டிரம், வலை மூட்டை, இடைவெளி இல்லாமல் ஜனம். டிரெய்லரைப் பின்னால் தள்ளுவது தனி வித்தை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் வால் மறுபக்கம் போகும். கொஞ்சம் கூடிப்போனால் ஹார்ஸும் டிரெய்லரும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிக்கொள்ளும். தட்சணா எட்டிப் பார்த்தான்.

"முசியே, என்னால முடியாது" என்றான்.

முசியே அவன் தோளைத் தட்டினார். "உங்கள் வாயிலிருந்து இன்றைக்குத்தான் இதைக் கேட்கிறேன். இப்போது உங்களை நம்பலாம். என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வாருங்கள். நான் தெரியவில்லை என்றால் நில்லுங்கள்."

அவர் பின்னால் நடந்தார். வழி விலக்குவது செங்கேணியின் வேலையாயிற்று. அவள் குரல் ஏலத்துக்குப் பழகிய குரல். "ஏய், ஐஸு வண்டிய எடுடா! உங்க அப்பன் வூட்டு ரோடா? எடு!" என்று அவள் போட்ட சத்தத்தில் எனக்கே விலகத் தோன்றியது. தட்சணா முழுதாக மூன்று தரம் நிறுத்தி, முன்னால் இழுத்து, மறுபடி தள்ளினான். பந்தா இல்லை, வாயில் சிகரெட் இல்லை. படகு அணியம் முன்னால் தண்ணீர்க்கரைக்கு வந்து நின்றது.

கிரேன் படகைத் தூக்கி நீரில் வைத்தது. ஏழுமலை அணியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதலில் ஏறினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். செங்கேணி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆள் ஏறியதும் அங்கே கிடந்த ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அந்த வருடப் பாதுகாப்பு வாரத்தில் "சிறந்த ரிவர்ஸ் ஓட்டுநர்" என்று தட்சணாவுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறான். தன்னால் முடியாது என்று சொன்னதை மட்டும் எவனிடமும் சொன்னதில்லை. எடை மேடையில், முசியேவை மனதில் வைத்து, "ஒரு வண்டிக்கு ஒரு எடை மட்டும்" என்று போர்டு வைத்தார்கள். எங்கள் முதலாளியும் அதற்குத் தலையாட்டினார். முசியே மறுவாரமே வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்க பிரான்சுக்குப் போய்விட்டார். போனில் பேசுவார். அங்கே எல்லா லாரியிலும் திரை இருக்கிறதாம், அங்கேயும் பார்ப்பதில்லையாம்.

போன மாதம் மீன் வாங்கத் தேங்காய்த்திட்டுக்குப் போயிருந்தேன். துறைமுக வாசலில் ஒரு டிரெய்லர், அதில் மாலை போட்ட புதுப் படகு. அணியம் கேபின் பக்கம், எஞ்சின் வாலுக்கு வெளியே. முதலில் தட்சணா ஏற்றினானே, அதே மாதிரி. வாசலுக்கு வந்ததும் அந்த டிரைவர் பய வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் தள்ள ஆரம்பித்தான். அணியம் முன்னால் வைத்து வழியெல்லாம் கொண்டுவந்துவிட்டு, தண்ணீர்க்கரைக்குப் பின்பக்கத்தைக் காட்டித் தள்ளுகிறான்! செங்கேணி எதற்காக அன்றைக்கு உயிரை விட்டாளோ அதற்கு நேர்மாறு. சுற்றி நிற்கிற ஆட்கள் விசில் அடிக்கிறார்கள், பட்டாசு வெடிக்கிறார்கள்.

பக்கத்தில் நின்றவனிடம், "ஏம்பா, எதுக்கு ரிவர்ஸ்ல கொண்டாறாங்க?" என்று கேட்டேன்.

"இந்தத் தொறைக்குப் படகு ரிவர்ஸ்லதான் வரணும் பெரியவரே. அதான் ராசி. செங்கேணியம்மா படகுலேர்ந்து அப்படித்தான். அதுக்கு முன்னாலயும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்றான்.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வண்டி நின்றதும் நேராக டிரைவரிடம் போனேன். எடை போட்டாயா என்றேன்.

"போட்டாச்சு. மொத்தம் சரியா இருக்குது" என்றான். "பாலத்து ஏத்தத்துலதான் வீலு நின்ன எடத்துலயே சுத்துச்சு. வண்டி கொஞ்சம் பின்னாடி வந்துது. ஒரு ஸ்கூலு வேன்காரன் பின்னாடி நின்னு கத்தறான். சாமிய கும்பிட்டுட்டு ஒரே மிதி, ஏறிட்டேன். ராசியான படகு."

உடம்பெல்லாம் எரிந்தது. இந்தப் படகு பின்பக்கமாகத்தான் கரைக்கு வந்திருக்கிறது, உங்கள் ராசியும் மண்ணும் எங்கே போயிற்று என்று அத்தனை பேர் காதிலும் விழும்படிக் கத்தத்தான் திரும்பினேன். பின்னாலிருந்து ஒரு கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. செங்கேணி. தலை முழுக்க வெளுத்திருந்தது, பிடி மட்டும் தளரவில்லை. படகு அவள் தங்கை மகனுடையதாம்.

"எனக்குக் கண்ணு தெரியுது தம்பி. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் காதோடு. கிரேன் படகைத் தண்ணீரில் வைத்துவிட்டது. ஆட்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். "ஏறட்டும். எல்லாரும் ஏறட்டும். அதுவரிக்கும் வாய மூடு."

மூடிக்கொண்டேன். கடைசி ஆள் ஏறியதும் அவள் கையை எடுத்தாள். அந்த டிரைவர் பயலைக் கண்ணால் காட்டி, "இப்ப போ. பாலத்துல வழுக்குனத கேளு, அவன விடாத" என்றாள்.